நாற்பத்தேழாம் வில்லை

அக்டோபர் பதினொன்றாம் தேதி, சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி ஐம்பது நிமிடத்துக்கு, மலைப்பூங்காவின் மேற்கு வாயிலில் உள்ள மரப்பலகையின் நூற்றிருபது கொக்கிகளிலும் வில்லைகள் தொங்கின.

பலகை நிறைந்திருந்தால் காட்டுக்குள் ஆள் இல்லை என்று பொருள். உள்ளே போகிற ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த ஒரு பித்தளை வில்லை. திரும்பி வந்ததும் அதை அவரவர் கையால் கொடுக்க வேண்டும், அது அதன் கொக்கிக்குப் போகும். மாலை ஐந்தரைக்கு மேல், அன்றிரவு உள்ளே தங்க அனுமதி பெற்றவர்களுடையதைத் தவிர, ஒரு கொக்கி காலியாக இருந்தாலும் தேடப் போவார்கள். இல்லையென்றால் வாயிலைப் பூட்டுவார்கள். பதிவேட்டில் எழுதுவதுகூட பூட்டுகிற நேரத்தில் பலகையைப் பார்த்துத்தான்.

பலகையைக் கவனிக்கிறவளை எல்லோரும் பலகையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆறு வருடமாக அந்தச் சாளரத்தின் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. இந்த வருட ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. வாயிலுக்குப் பின்னால் இருக்கிற இரண்டு அறை வீடும் வேலையோடு சேர்ந்தது. அவளும் பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளும் அதில் இருந்தார்கள்.

போன மாதம் ஒரு சுற்றுலாக் குழுத்தலைவன் பதினெட்டு வில்லைகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். மழை, நீண்ட வரிசை. வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துவிட்ட வனச்சரகர், அந்தப் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி, அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"ஒரு கை, ஒரு வில்லை. இன்னொரு தடவை மத்தவங்க வில்லைய வாங்கினீங்கன்னு தெரிஞ்சா, அந்த நாற்காலில வேற ஆள் உட்காருவாங்க. மூணாவது தடவைன்னு ஒண்ணு கிடையாது."

"சரிங்க ஐயா."

அந்தச் சனிக்கிழமையும் மழைதான்.

மூன்று நாற்பதுக்குச் சாளரத்துக்கு வந்தவர் ஒரு மருந்துக்கடைக்காரர். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி முழுக்க நீர்த்துளி. முந்தின நாள் காலையில் மனைவியோடும் மனைவியின் தம்பியோடும் ஏரிக்கரைக் கூடாரத்தில் ஓர் இரவு தங்கிவரப் போனவர். மற்ற இருவரும் காரிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தபோது மூன்று வில்லைகளையும் அவரே வாங்கிக்கொண்டார். "இவங்க கையில குடுத்தா காணாமப் போயிடும்மா. என் மச்சான் இருக்கானே, தலை தனியாக் கழண்டா அதையும் எங்கயாவது வச்சுட்டு வந்துடுவான்" என்று சிரித்தார். மச்சான் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தான். அதை அவள் கவனித்திருந்தாள்.

இப்போது மூன்று வில்லைகளையும் சாளரத்தின் வழியே தள்ளினார். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு, நாற்பத்தேழு.

"மத்த ரெண்டு பேர்?"

"வீட்டுக்காரி கழிப்பறைக்குப் போயிருக்கா. மச்சான் முன்னாடியே வந்துட்டான், கார்ல இருக்கான். அவனையும் மழையில இழுத்துட்டு வரணுமா?"

அவருக்குப் பின்னால் பதினோரு பேர் நனைந்துகொண்டு நின்றார்கள். ஒரு குழந்தை அழுதது. குடும்பத்துக்கு ஒருவர் எல்லா வில்லைகளையும் வைத்திருப்பதும், அவரே கொடுப்பதும் அவள் ஆறு வருடமாகப் பார்த்துப் பழகியது. அப்பா கொடுப்பார், அண்ணன் கொடுப்பான். ஒரு நாளும் தப்பானதில்லை. வாங்கி மாட்டினாள். வரிசையில் நின்றவர்களுடையதையும் மாட்டி முடித்தபோது கடைசிக் கொக்கியும் நிறைந்தது.

நான்கு மணிக்கு மருந்துக்கடைக்காரரின் மனைவி சாளரத்துக்கு வந்தாள். தலையில் துண்டு, கையில் காகிதக் கோப்பையில் தேநீர்.

"அக்கா, உள்ள இன்னும் யாராச்சும் இருக்காங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"என் தம்பி. காலைல இவருக்கும் அவனுக்கும் வாய்த்தகராறு. எந்தப் பாதையில இறங்கறதுன்னு, அதுக்குப் போய். நேர்ப்பாதைன்னு இவர், அருவிப்பாதைன்னு அவன். 'நீங்க மாத்திரையப் பிரிச்சுக் குடுக்கற மாதிரி மலையையும் பிரிச்சுக் குடுக்காதீங்க மாமா'ன்னு சொல்லிட்டுத் தனியா அருவிப்பாதையில கிளம்பிட்டான். மூணு மணி பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிருப்பான்னு இவர் சொல்றார்."

காரில் இருக்கிறான் என்று அவர் சொன்னது பலகையக்காவின் நினைவுக்கு வந்தது. வாகனங்கள் நிற்கிற இடத்தைச் சாளரத்திலிருந்து பார்க்க முடியாது. திரும்பிப் பலகையைப் பார்த்தாள். நாற்பத்தேழாம் வில்லை மற்றவற்றைப் போலவே ஈரமாகத் தொங்கியது.

"பலகை நிறைஞ்சிருக்கும்மா" என்றாள்.

"அப்ப வெளிய வந்துட்டான்" என்று அந்த அம்மாள் மூச்சு விட்டாள். "கோவிச்சுக்கிட்டாலும் வில்லையக் குடுத்துட்டுப் போயிருக்கான் பாருங்க. கொஞ்சம் பொறுப்பு வந்திருக்கு."

அவள் தேநீர்க் கடைக்குத் திரும்பிப் போவதைப் பலகையக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு குடையை எடுத்துக்கொண்டு வாகனங்கள் நிற்கிற இடத்துக்குப் போனாள். கார் பூட்டியிருந்தது. பின்னிருக்கையில் இரண்டு ஈரப் பைகள் இருந்தன. ஆள் இல்லை.

மூன்று மணிக்குப் போன பேருந்து நான்கு இருபதுக்குத் திரும்பி வந்தது. ஓட்டுநர் இறங்கி இடுப்பை நிமிர்த்தினார்.

"மூணு மணிக்கு மஞ்சக் கோட்டு போட்ட ஒருத்தர் ஏறினாரா?"

"மூணு மணிக்கு மொத்தமே ரெண்டு டிக்கெட்டு. ரெண்டும் பொம்பளைங்க. வழி பூரா மருமகளைத் திட்டிக்கிட்டே வந்தாங்க, என் காது புண்ணாப் போச்சு. என்னக்கா, தேடற முகம் தெரியுது?"

"ஒண்ணுமில்ல."

தேநீர்க் கடை வாசலுக்குப் போய் மருந்துக்கடைக்காரரை மட்டும் வெளியே கூப்பிட்டாள். அவர் மனைவியிடம் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். கூரையின் விளிம்பிலிருந்து இருவருக்கும் நடுவில் நீர் கொட்டியது.

"உங்க மச்சான் பஸ்ல ஏறல. கார்லயும் இல்ல."

"டிரைவர் எத்தனை முகத்த ஞாபகம் வச்சுப்பான்?"

"ரெண்டே பேர்தான் ஏறினாங்களாம். ஐயா, உண்மையச் சொல்லுங்க. அவர் வெளிய வந்ததை நீங்க பார்த்தீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். கண்ணாடி இல்லாத முகம் சட்டென்று வயதானதாகத் தெரிந்தது.

"பார்க்கல. வந்திருப்பான்னு நினைச்சேன். எங்க கல்யாணத்தன்னிக்கே சொல்லாம கொள்ளாமக் கிளம்பிப் போய், மறுநாள் சாயங்காலம் வந்து நின்னவன் அவன். எப்பவும் இப்படித்தான்."

"சரகர்கிட்ட சொல்லிடறேன்."

"என்னன்னு சொல்லுவீங்க?" அவர் குரலை உயர்த்தவில்லை. எந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்று சொல்கிற குரல். "மூணு வில்லை வாங்கினேன், ஒருத்தரைத்தான் பார்த்தேன்னு சொல்லுவீங்களா? நான் உங்களைப் பயமுறுத்தலம்மா. அரை மணி பொறுங்க. அருவிப்பாதை சுத்து வழி. நடந்து வந்துக்கிட்டிருப்பான். வந்துட்டா உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எனக்கும் அவ முன்னாடி தலைகுனிவு இல்ல."

"அரை மணி" என்றாள் அவள். அதைத் தான் சொன்னதாகவே அவளுக்குத் தோன்றவில்லை.

சாளரத்துக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். மேசையில் வாக்கிடாக்கி இருந்தது. வனக்காவலர் அந்த நேரத்தில் அருவிப்பாதையில்தான் ரோந்து போய்க்கொண்டிருந்தார். பொத்தானை அழுத்தினால் போதும். அவள் பாதை முடிகிற இடத்தைப் பார்த்தாள். அங்கே இரண்டு மரங்களுக்கு நடுவில் மூடுபனி வந்து நின்றிருந்தது. மஞ்சளாக எதுவும் தெரியவில்லை. நான்கு ஐம்பது. மகள் பள்ளியில் சனிக்கிழமைச் சிறப்பு வகுப்பு முடிந்து வந்து வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டாள். "ஏம்மா ஒரு மாதிரி இருக்கே?" என்றாள். குளிர் என்றாள் அம்மா. நான்கு ஐம்பத்தைந்துக்கு அரை மணி முடிந்தது. கடை வாசலில் மருந்துக்கடைக்காரர் இரண்டு கைகளையும் விரித்து, இன்னும் கொஞ்சம் என்பதுபோல் காட்டினார். பாதையில் கூர்ந்து பார்க்கும்போதெல்லாம் ஏதோ அசைவதுபோல் இருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

ஐந்து பத்துக்கு வனக்காவலர் வந்தார். நூறு கிலோவுக்குக் குறையாத ஆள். பெயர் மட்டும் ஒல்லி. பெஞ்சில் உட்கார்ந்து காலணியிலிருந்து நீரைக் கவிழ்த்தார்.

"ரெண்டாவது பாலத்துல நடைபலகை வரைக்கும் தண்ணி வந்துருச்சுக்கா. இன்னும் அரை மணி இப்படியே அடிச்சா பாலத்த மறந்துட வேண்டியதுதான். நான் ஏறி நின்னா அதுக்கு முன்னாடியே மறந்துடலாம்."

அவள் சிரிக்கவில்லை.

"அந்தப் பக்கம் போனீங்களா?"

"இல்ல. பாலம் வரைக்கும் போய்த் திரும்பிட்டேன். அந்தாண்டை ஏதோ கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு, ரெண்டு தடவை. நின்னு கேட்டேன். ஏதாச்சும் பறவையா இருக்கும். கடைசியா வந்துக்கிட்டிருந்த ஒரு கூட்டத்தைப் போறப்ப வழியில பார்த்தேன், நம்மதான் கடைசின்னாங்க. பலகைதான் நிறைஞ்சிருக்கே, இல்ல?" சாளரத்தின் வழியே தலையை நீட்டிப் பலகையைப் பார்த்தார். "ம். நிறைஞ்சிருக்கு."

"எத்தனை மணிக்குக் கேட்டுச்சு?"

"நாலரை இருக்கும். ஏன்?"

பலகையக்கா எழுந்து பலகையின் முன்னால் போய் நின்றாள். அவள் முதுகு பலகையை அவரிடமிருந்து மறைத்தது. நாற்பத்தேழாம் வில்லையை எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டாள். அது நன்றாகக் காய்ந்திருந்தது. பிறகு விலகி நின்றாள்.

"ஒல்லி, ஒரு கொக்கி காலி."

ஒல்லி பலகையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். கையில் பிடித்திருந்த காலணியிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்பத்தானே நான் பார்த்தேன்."

"சரியாப் பார்த்திருக்க மாட்டீங்க. நாற்பத்தேழு. மஞ்சள் கோட்டு. அருவிப்பாதை."

அவர் ஈரக் காலணிகளைத் திரும்ப மாட்டினார். கயிற்றையும் விளக்குகளையும் எடுத்துக்கொண்டு, தோட்டவேலைக்காரர்கள் இருவரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். பாதைக்குள் நுழையும் முன் ஒரு முறை நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. அப்போதுதான் மருந்துக்கடைக்காரரின் மனைவி தேநீர்க் கடையிலிருந்து வெளியே வந்து, யாருக்கு என்ன ஆயிற்று என்று பொதுவாகக் கேட்டாள். அவள் கணவர் அவளுடைய குடையை விரித்துப் பிடித்தார்.

ஐந்து ஐம்பத்தைந்துக்கு வாக்கிடாக்கியில் ஒல்லியின் குரல் வந்தது. இரண்டாவது பாலத்தின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் போகிறது, கைப்பிடி ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது, தாண்ட முடியாது. கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் இல்லை.

மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்கு, நீர் வடிந்த பிறகு, பாலத்திலிருந்து முந்நூறு அடி தூரத்தில் ஒரு பாறைச் சரிவில் அவனைக் கண்டெடுத்தார்கள். தொடை எலும்பு முறிந்திருந்தது. மஞ்சள் மழைக்கோட்டைக் கழற்றி, கண்ணில் படட்டும் என்று ஒரு கிளையில் மாட்டியிருந்தான். இரவு எட்டு மணிவாக்கில் குளிரில் உயிர் போயிருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதினார்.

திங்கட்கிழமை விசாரணை வனச்சரகரின் அறையில் நடந்தது. இந்த முறை அவளை உட்காரச் சொன்னார்.

"கொக்கி காலியா இருந்ததை எப்பப் பார்த்தீங்க?"

"அஞ்சு பதினைஞ்சு இருக்கும், ஐயா."

அவர் மருந்துக்கடைக்காரரிடம் திரும்பினார். "நீங்க எத்தனை வில்லை குடுத்தீங்க?"

பலகையக்கா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை இரவிலிருந்து இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தாள். அவர் மூன்று என்று சொன்னால், ஆமாம் என்று சொல்லிவிடுவதாக முடிவுசெய்திருந்தாள்.

"ரெண்டு" என்றார் அவர். "என்னோடது, வீட்டுக்காரியோடது."

"இல்லையே" என்று மனைவி நிமிர்ந்தாள். அழுது அழுது குரல் உடைந்திருந்தது. "நாலு மணிக்கு நான் போய்க் கேட்டேன். பலகை நிறைஞ்சிருக்குன்னு இந்த அம்மா சொன்னாங்க. அதனாலதானே நான் சும்மா உட்கார்ந்திருந்தேன்."

"அவ பதற்றத்துல இருந்தா ஐயா" என்றார் கணவர், அவள் தோளில் கை வைத்து. "சரியாக் காதுல வாங்கியிருக்க மாட்டா."

வனச்சரகர் ஒல்லியைப் பார்த்தார். "ரோந்துல ஏதாச்சும் சத்தம் கேட்டுதா?"

"மழைச் சத்தம்தான் ஐயா" என்றார் ஒல்லி. "வேற ஒண்ணும் கேக்கல."

மனைவி தோளிலிருந்த கையை விலக்கிவிட்டு மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. வனச்சரகர் எழுதிக்கொண்டிருந்தார்.

விதிப்படி ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய தேடல் பதினைந்து நிமிடம் முன்னதாகவே தொடங்கப்பட்டது என்றும், பணியாளர்கள் மீது குறை இல்லை என்றும் அறிக்கை சொன்னது. பாலத்துக்குப் புதுக் கைப்பிடி போடப்பட்டது. நவம்பர் முதல் தேதி பலகையக்காவின் ஒப்பந்தம் ஓராண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது.