கடைசி வரிசையில் மூன்று படங்கள்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பன் சாம்சனுக்காக ஒரு ப்ரோக்ராம் எழுதிக்கொடுத்தேன். கல்யாணப் படங்கள் வரிசைக்கு நான்காக அடுக்கி நிற்கும். மவுஸை உருட்டினால் மேலும் கீழும் ஓடும். வேண்டியதை டிக் செய்து ‘முடிந்தது’ என்று அழுத்தினால், ஆல்பத்துக்குப் போனது போக மீதி அழிந்துவிடும். படங்கள் தேங்கி இடத்தை அடைக்கக்கூடாது என்று சாம்சன் கேட்டதால் அப்படிச் செய்தேன்.

அதில் முதலில் ஏற்றியது என் தங்கை பாண்டிசெல்வியின் கல்யாணத்தைத்தான்.

அம்மா இல்லாததால் தாரை வார்த்தது சித்தப்பாவும் சித்தியும். துணையில்லாதவன் மேடையேறக்கூடாது என்று அப்பா பந்தியிலேயே சாம்பார் வாளியோடு நின்றுவிட்டார். எம்புட்டோ கூப்பிட்டும் வரவில்லை.

மறுவாரம் ஸ்டுடியோவில் என் லேப்டாப்பில் படம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தோம். சாம்சன் கான்சாபுரத்துக்கு ஒரு காதுகுத்து எடுக்கப் போயிருந்தான்.

“அண்ணே, அப்பாவோட நான் நின்ன படம் எங்க?” என்றாள் தங்கை. “கூட்டம் போன பொறவு அப்பா மேடைக்கு வந்தாவளே. சாம்சன் அண்ணன் எடுத்தாரே.”

கடைசி வரை உருட்டினேன். இல்லை. அந்நேரம் நான் மண்டபத்துக்கு வெளியே பாத்திரங்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

“எடுத்திருந்தா இதுல வராம எங்க போகும்? கனவு கினவு கண்டியா? என் ப்ரோக்ராம் பொய் சொல்லாது.”

அப்பா பக்கத்து ஸ்டூலில், துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “நின்ன மாதிரிதான் இருந்துச்சு... சரி விடு தாயி. கம்ப்யூட்டருக்குத் தெரியாததா நமக்குத் தெரிஞ்சிரப் போவுது?” என்றார்.

‘முடிந்தது’ என்பதை நானே அழுத்தினேன்.

நான்கே மாதம். கூமாப்பட்டியில் எங்கள் வயலுக்கு மடை திறக்கப் போன அப்பா வரப்பிலேயே சாய்ந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த சாம்சன், மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தான். ஆதார் கார்டிலிருந்து பெரிதாக்கிய படம் அது.

“ஏலே, இத ஏன் மாட்டியிருக்க? மேடைல தங்கச்சியோட கடைசியா மூணு எடுத்தேனே. அப்பா சிரிச்சாவளே!”

லேப்டாப்பை அங்கேயே திறந்தேன். மொத்தம் நானூற்றுப் பதினொரு படங்கள். நான்கால் வகுத்தால் நூற்றிரண்டு வரிசை, மீதி மூன்று. அந்த மூன்றுக்கு இன்னொரு வரிசை வேண்டும் என்று நான் கணக்கில் சேர்க்கவில்லை. நூற்றிரண்டோடு உருளுவது நின்றுவிட்டது. அதற்குக் கீழே அப்பா நின்றிருக்கிறார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் செய்யாத தப்பு. கேமரா கார்டையும் அதற்குள் எத்தனையோ கல்யாணத்துக்குப் போட்டு எடுத்தாயிற்று.

பாண்டிசெல்வி சாம்சன் மேல் பாய்ந்தாள். “எடுத்தேன் எடுத்தேன்னா படம் எங்க? தொலச்சிட்டு இங்க வந்து பேசுதீயளா?”

சாம்சன் என்னைப் பார்த்தான். காட்டிக்கொடுக்கவில்லை, பாவி.

“ஏட்டி, அவன் இல்ல. நான்தான்” என்றேன்.

ப்ரோக்ராமில் அந்தக் கணக்கைத் திருத்தி ஓட்டினேன். படங்களின் பெயர்ப்பட்டியல் மட்டும் அழியாமல் இருந்தது. உருட்ட உருட்ட ஆல்பத்துப் படங்களும் வெற்றுக் கட்டங்களுமாக ஓடின. அடியில், முன்பு வராத ஒரு வரிசை வந்து நின்றது. மூன்று வெற்றுக் கட்டங்கள், கீழே எண்கள்.

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவள் அந்தக் கட்டங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள்.

“போன மாசம் அப்பா எங்கிட்ட கேட்டாவண்ணே” என்றாள். “‘நெசமாவே நான் உங்கூட நின்னேனா தாயி?’ன்னு. நானும் உன் கம்ப்யூட்டர நம்பி, இல்லப்பான்னுட்டேன்.”