மஞ்சள் பொத்தான்

என் புருஷன் டெல்மர் மேடை ஏறினால் என்னை வம்புக்கு இழுக்காமல் இறங்க மாட்டார். "ஸ்பிரிங்ஃபீல்டுலதான் நான் சட்டசபை மெம்பர். வீட்டுல சபாநாயகர் வெல்டாதான். அவ உக்காருன்னா உக்காருவேன், எழுந்திருன்னா எழுந்திருப்பேன்" என்பார். கூட்டம் சிரிக்கும். நான் பாதி எழுந்து, தலையாட்டிவிட்டு உட்காருவேன். பத்து வருஷமாக இதே சிரிப்பு, இதே தலையாட்டல். அந்த ஹாஸ்யத்தை முதல் தடவை கேட்டபோது எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமே வரவில்லை.

ஸ்பிரிங்ஃபீல்டில் இருக்கிற இல்லினாய் மாநிலச் சட்டசபையில் ஒவ்வொரு மெம்பர் மேஜையிலும் மூன்று பொத்தான்கள் உண்டு. பச்சை அமுக்கினால் சரி. சிவப்பு அமுக்கினால் கூடாது. மஞ்சள் என்றால் "வந்திருக்கிறேன்" என்று மட்டும் அர்த்தம். வந்திருக்கிறார், நாற்காலியில் இருக்கிறார், அவ்வளவுதான். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிறவர்களுக்காகவே யாரோ கண்டுபிடித்த பொத்தான் அது. பச்சை போதாமல் ஒரு தீர்மானம் விழுந்தால், மஞ்சளும் சேர்ந்துதான் அதைக் கொன்றிருக்கும். ஆனால் மஞ்சள்காரர் கையில் ரத்தக்கறை இருக்காது.

ஆணுக்கும் பெண்ணுக்கும் சட்டத்தின் முன்னால் ஒரே உரிமை என்று அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தம். அதற்கு நாலில் மூன்று பங்கு மாநிலங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். எங்கள் மாநிலம் வருஷக்கணக்காக இழுத்தடித்தது. எழுபத்தெட்டு ஜூனில் மறுபடி வாக்கெடுப்பு வந்தபோது டெல்மர் மஞ்சளை அமுக்கினார். தீர்மானம் விழுந்தது.

எங்களுக்கு ஒரே மகள், டார்லா. பியோரியாவில் டிராக்டர் தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கில் வேலை பார்த்தாள். வயிறு வெளியே தெரிய ஆரம்பித்ததும், "பெத்துப் பொழைச்சு வாம்மா" என்று சிரித்த முகமாகவே அனுப்பி வைத்தார்கள். பெற்றுப் பிழைத்துப் போனால், அவளிடமே வேலை கற்றுக்கொண்ட ஒருத்தன் அவள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். வக்கீலைப் பார்த்தாள். சட்டத்தில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார். இதெல்லாம் டெல்மருக்குத் தெரியும். எங்கள் சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் அவள் அழுதாள், அவர்தான் கைக்குட்டை கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போய் மஞ்சளை அமுக்கினார்.

மறுநாள் டார்லா போன் செய்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"பேப்பர்ல போட்டோ பார்த்தேம்மா. அவர் சபையிலேர்ந்து வெளிய வர்றார். நீ பக்கத்துல அவர் கோட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறே."

"வெயில் ஜாஸ்தி, கழட்டிக் குடுத்தார்" என்றேன்.

"அவர் பக்கத்துல நீ நிக்கற வரைக்கும் எங்க வீட்டுப் பக்கம் வராதே. கர்ட்டைப் பாக்கணும்னா அதை முடிவு பண்ணிட்டு வா."

கர்ட் என் பேரன். பிறந்தபோது ஒரு தடவை தூக்கினேன். போனை வைத்துவிட்டு உருளைக்கிழங்கு தோலைச் சீவினேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. பல்லைப் பிடுங்குவதற்கு முன்னால் ஊசி போடுவார்களே, கன்னம் இருக்கும், ஆனால் நம்முடையதாக இருக்காது, அந்த மாதிரி இருந்தது.

இலையுதிர்காலத்தில் தேர்தல் வந்தது. எங்கள் தொகுதிக்கு மூன்று மெம்பர்கள், அந்த மூன்று இடத்துக்கு நாலு பேர் நின்றார்கள். தோற்கப் போவது ஒரே ஒருத்தர்தான் என்றாலும் டெல்மருக்குத் தூக்கம் இல்லை. திருத்தம் கூடாது என்கிற பெண்கள் சிவப்பு உடுப்பில் வாசலுக்கு வந்து, தாங்களே சுட்ட ரொட்டியும் நெல்லிக்காய் ஜாமும் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரூராய் மெம்பர்களுக்கு அவர்கள் ரொட்டிதான் கொடுப்பார்கள். "எங்க அடுப்படியைக் காப்பாத்துங்க" என்று ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்தாள். காப்பாற்றுகிறேன் என்றார். திருத்தம் வேண்டும் என்கிற பெண்கள் அடுத்த வாரம் வந்தார்கள். மனசெல்லாம் உங்கள் பக்கம்தான் என்றார். அந்த ரொட்டியை நறுக்கித்தான் அவர்களுக்குக் காப்பியோடு வைத்தேன்.

வேட்பாளர் கூட்டம் மெதடிஸ்ட் சர்ச்சின் நிலவறையில். அன்று காலையில் முகம் மழித்துக்கொண்டே டெல்மர் சொன்னார்: "இன்னிக்குக் கேட்டா 'ஆமா, பச்சைதான்'னு சொல்லிடறேன். போதும் இந்த வீட்டுச் சண்டை. டார்லாவை வரச் சொல்லு."

"என்னை இழுக்கக் கூடாது" என்றேன்.

"உன்னை எதுக்கு இழுக்கறேன்?"

"எப்பவும் இழுக்கறீங்களே."

"இழுக்கலை, போதுமா? சத்தியம் பண்ணணுமா?"

டார்லாவுக்குப் போன் போட்டேன். "காதால கேட்டாத்தான் நம்புவேன்" என்றாள். ஆனால் வந்தாள். கர்ட்டைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்தாள். எனக்கு முன் வரிசையில் நாற்காலி போட்டிருந்தார்கள், வேட்பாளர் மனைவி அங்கேதான் உட்கார வேண்டும்.

கூட்டத்தை நடத்தியது பெண் வாக்காளர் சங்கம். அந்தச் சங்கத்துப் பெண்கள் நியாயத்தில் தராசு மாதிரி. கேள்வியைச் சீட்டில் எழுதித்தான் தர வேண்டும். நாலு பேருக்கும் ஒரே கேள்வி, ஆளுக்கு ஒரே நிமிஷம். வேட்பாளரைத் தவிர வேறு யாரும் வாய் திறக்கக் கூடாது. கைதட்டல்கூட கடைசியில்தான். மணி அடிக்கிற பொறுப்பு பெர்னிஸ் லண்டியிடம் இருந்தது. பெர்னிஸ் என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். திருத்தத்துக்காக மழையில் நின்று கையெழுத்து வாங்கியவள். அவள் காரின் பின்னால் திருத்தத்துக்கு ஆதரவாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஆனால் அன்று காரை இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்திருந்தாள். நடுநிலைமைக்குப் பங்கம் வந்துவிடுமாம்.

கேள்வி வந்தது. திருத்தம் மறுபடி சபைக்கு வந்தால் எந்தப் பொத்தான்?

முதலில் மார்ஜரி டோலன், நாலு பேரில் ஒரே பெண். "பச்சை. போன தடவையும் அதான், இந்தத் தடவையும் அதான்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். மீதி நேரம் வேண்டாமாம். அடுத்தவர் சிவப்பு என்றார், பெண்களை ராணுவத்துக்கு இழுப்பார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கழிப்பறை ஆகிவிடும் என்று நிமிஷம் முழுக்கப் பேசினார். மூன்றாமவர் யோசிக்கிறேன் என்றார்.

டெல்மர் எழுந்தார். வாயைத் திறக்கும்போது அவர் பார்வை முன் வரிசைக்குப் போனதைப் பார்த்தேன். சிவப்பு உடுப்புகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, மடியில் துணி சுற்றிய ரொட்டிகளோடு. அவர் தொண்டையைச் செருமினார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இந்தக் கேள்விக்கு நான் எப்படிங்க பதில் சொல்றது? எங்க வீட்டுல சபாநாயகரே அங்க உக்காந்திருக்காங்க. வெல்டா, எழுந்திரும்மா. நீயே சொல்லு. உனக்கு என்ன குறை? சமமா நடத்தச் சொல்லி உனக்கு ஒரு சட்டம் வேணுமா?"

கூட்டம் சிரித்தது. நான் எழுந்தேன். வழக்கமாகப் பாதிதான் எழுவேன், அன்று முழுசாக எழுந்து நின்றேன்.

"வேணும்" என்றேன். "எனக்கும் வேணும், எங்க டார்லாவுக்கும்..."

மணி அடித்தது.

"மன்னிக்கணும் வெல்டா" என்றாள் பெர்னிஸ். முகம் வெளுத்திருந்தது. "வேட்பாளர் மட்டும்தான் பேசலாம்."

"அவர்தானே கேட்டார்?"

மறுபடி மணி. "உக்காருங்க, திருமதி கெர்லாக்" என்றாள். முப்பது வருஷச் சிநேகிதி என்னைத் திருமதி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பாத்தீங்களா, எனக்கும் இதே கதிதான் வீட்டுல" என்றார் டெல்மர். இந்தத் தடவை ரொட்டிக்காரிகள்கூடச் சத்தமாகச் சிரித்தார்கள். அவருடைய நிமிஷம் முடிந்தது. பொத்தான் எதுவென்று சொல்லவே இல்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. நான் உட்கார்ந்தேன். கையுறையை எடுத்துப் போட்டுக்கொண்டேன், ஏன் என்று தெரியவில்லை.

கூட்டம் முடிவதற்குள் கடைசி வரிசை காலியாகிவிட்டது. வெளியே ஓடினேன். டார்லா குழந்தையைக் காரில் படுக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கா வரச் சொன்னே?"

"நான் சொல்லப் பாத்தேன்டி."

"பாத்தேன். மணி அடிச்சதும் உக்காந்துட்டே." காரைக் கிளப்பினாள். கர்ட் தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு காலில் காலுறை இல்லை.

உள்ளே போனால் பெர்னிஸ் சமையல் தொட்டியில் காப்பிக் கெண்டியைக் கழுவிக்கொண்டே விசும்பிக்கொண்டிருந்தாள். "விதின்னா விதிதானே வெல்டா. இன்னிக்கு உன்னைப் பேச விட்டா, நாளைக்கு எல்லாப் பொண்டாட்டியும் எழுந்து பேசுவாங்க."

"பேசட்டுமே" என்றேன். அவளிடம் கோபம்கூட வரவில்லை. துண்டை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்து அடுக்கினேன்.

தேர்தலில் டெல்மர் ஜெயித்தார். மார்ஜரி டோலன் தோற்றார். எங்கள் ஊரில் ஒருத்தருக்கு மூன்று ஓட்டு உண்டு, மூன்றையும் ஒரே ஆளுக்குக் குத்தலாம், பிரித்தும் குத்தலாம். டோலன் நிச்சயம் ஜெயிப்பார், அவருக்கு எதற்கு வீணாக்க வேண்டும் என்று அவருடைய ஆட்களே ஓட்டைப் பங்கு போட்டு மற்றவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். எல்லாரும் அப்படியே நினைத்தால்? என் மூன்றையும் நான் டோலனுக்குத்தான் குத்தினேன். தன்னை ஜெயிக்க வைத்ததற்கு டெல்மர் அன்று எனக்கு நன்றி சொன்னார். பரவாயில்லை என்றேன்.

அதற்கப்புறம் ஒன்றரை வருஷம். டார்லா கிறிஸ்துமஸுக்கு அட்டை அனுப்பினாள், உள்ளே பெயர் மட்டும் எழுதி. கர்ட் நடக்கிறான் என்று அவள் மாமியார் சொல்லித்தான் தெரியும். நான் சமைத்தேன், துணி இஸ்திரி போட்டேன், மேடைகளில் பாதி எழுந்து உட்கார்ந்தேன். மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் பொய் மாதிரித் தெரியும், ஆனால் நிஜமாகவே வலிக்கவில்லை, மரத்துப் போயிருந்தது.

எண்பதாம் வருஷம் திருத்தம் மறுபடி ஒரு தடவை சபைக்கு வந்தது. மெம்பர் மனைவிகளோடு நான் மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் பெரிய பலகை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு விளக்கு. வாக்கெடுப்பு தொடங்கியதும் கெர்லாக் என்ற பெயருக்கு எதிரே மஞ்சள் எரிந்தது. மஞ்சளாகவே இருந்தது. கீழே ஒருத்தர் தோளை ஒருத்தர் தொட்டுக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மாள் டெல்மர் பக்கத்தில் மண்டிபோடாத குறையாக நின்றாள். அவர் பலகையை எண்ணிக்கொண்டிருந்தார். சபாநாயகர் மூடுகிறேன் என்று சொல்லும் வரைக்கும் விளக்கை மாற்றிக்கொள்ளலாம், அது அவர்கள் வழக்கம். பச்சை போதாது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பிறகு, சபாநாயகர் சுத்தியலைத் தூக்கின பிறகு, கெர்லாக் பச்சையானார்.

படி இறங்கி வந்தால் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தேயில்ல? பச்சை. பேப்பர்ல பச்சைன்னுதான் வரும். டார்லாவுக்கு இப்பவே சொல்லு, ஞாயித்துக்கிழமை குழந்தையைக் கூட்டிட்டு வரச் சொல்லு." சில்லறையைக் கையில் திணித்து, சுவரோரத்துப் போன்வரைக்கும் என்னைத் தள்ளிக்கொண்டே போனார். பக்கத்திலேயே சாய்ந்து நின்றார்.

டார்லா எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை ஏதோ கத்திக்கொண்டிருந்தது. கர்ட் பேசுகிற சத்தத்தை அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

"உங்கப்பா பச்சை போட்டார்" என்றேன்.

அவள் குழந்தையை அதட்டி அடக்கினாள். அப்புறம் கேட்டாள்: "எப்போ?"

டெல்மர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், சொல்லு சொல்லு என்று. முதலிலேயே என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பேப்பரும் அதைத்தான் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை என் மேஜையில் பேரன் உட்கார்ந்து சாப்பிடுவான். வாயில் அந்த வார்த்தை தயாராகவும் இருந்தது.

"தோத்ததுக்கு அப்புறம்" என்றேன்.

டெல்மர் சுவரிலிருந்து நிமிர்ந்தார்.

"பக்கத்துல யாரு இருக்கா?" என்றாள் டார்லா.

"உங்கப்பாதான்."

"அவர் காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "ஞாயித்துக்கிழமை வாம்மா. நீ மட்டும் வா. கர்ட்டுக்கு மத்தியானம் தூங்கற பழக்கம், அதுக்கு முன்னாடி வந்துடு" என்றாள்.

போனை வைத்தேன். அவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்ததில் விரல்கள் வலித்தன. வலி என்னுடையதுதான் என்று தெரிந்தது, அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

"உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா? என்ன சொன்னா அவ?" என்றார் டெல்மர்.

"ஞாயித்துக்கிழமை நான் பியோரியா போறேன். கார் எனக்கு வேணும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யாராவது கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று வராந்தாவைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு மத்தியானச் சாப்பாடு?" என்றார்.