காட்டை விரும்பிய நியூரான்

கறுப்புத் திரை போட்ட அந்த மூலையில் ஓர் எலியும் ஓர் ஆராய்ச்சி மாணவியும் அடைபட்டுக் கிடந்தார்கள். எலிக்குத் தலை மட்டும்தான் அசையாதபடி பொருத்தப்பட்டிருந்தது. அவளுக்கு ஐந்து வருஷமாக வாழ்க்கையே அப்படி.

எலியின் மூளையில், பார்வைக்கான பகுதியில், மயிரிழை போல ஒரு கம்பி. எதிரே மானிட்டரில் கடல், தெரு, மலை, காடு என்று படங்கள் மாறும். கம்பியருகே உள்ள நியூரான் என்கிற நரம்புச் செல் துடித்தால் ஒலிபெருக்கி படபடவென்று பொரியும். கம்பி நழுவாமல் பார்த்துக்கொள்ள மற்ற ஆய்வுக்கூடங்களில் கேமரா உண்டு. இங்கே அவள் உண்டு.

கொஞ்ச நாளாக ஒரு நியூரான் காட்டுப் படத்துக்கு மட்டும் பொரிந்து தள்ளியது. கோடும் கட்டமும் காட்டினால் ஏனென்றுகூடக் கேட்காது. பேராசிரியருக்குக் கால் தரையில் பாவவில்லை, கட்டுரையும் அனுப்பியாயிற்று. அது வெளிவந்தால் அவளுக்குப் பட்டம். பட்டம் கிடைத்தால் வேறு ஊரில் அப்பாவோடு இருக்கும் சின்ன மகளிடம் போய்ச் சேரலாம். "எப்பம்மா வருவே?" என்று கேட்ட மகளிடம், முதல்முறையாகப் பொய் கலக்காமல் "சீக்கிரம்" என்று சொல்லியிருந்தாள்.

அன்று விடாத இருமல். எலி மிரளுமே என்று திரைக்கு வெளியே உட்கார்ந்தாள். காடு வந்தது, சத்தமில்லை. மறுபடி காடு, இழவு வீட்டு அமைதி. கம்பி நழுவிவிட்டதோ என்று உள்ளே போய்க் குனிந்தாள். ஒலிபெருக்கி பொரிந்தது. மானிட்டரில் அப்போது இருந்தது ஒரு தெரு.

ஜன்னலே இல்லாத அறையில் காட்டின் பச்சையைக் கண்டதும் ஆசையாக எட்டிப் பார்ப்பது அவள் வழக்கம். வெளிச்சம் பட்ட முகம் எலியின் கண்ணெதிரே நகர்ந்திருக்கிறது. நியூரான் காட்டைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்திருக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பேராசிரியர் ஒரு விருந்தாளியோடு வந்து நின்றார்.

"சார், ஒண்ணு சொல்லணும்..."

"எல்லாம் அப்புறம்மா. இவர் எவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்கார்! உள்ளே போய் உக்காரு."

ஸ்டூலை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நடப்பது நடக்கட்டும், அசையப் போவதில்லை. காடு வந்தது. மௌனம். வெளியே பேராசிரியர் தொண்டையைச் செருமினார். அடுத்த காடு. மௌனம். மகளுக்குச் சொன்ன "சீக்கிரம்" நினைவுக்கு வந்தது. மூன்றாவது காட்டுக்கு அவள் குனிந்தாள்.

ஒலிபெருக்கி பொரிந்து கொட்டியது. வெளியே கைதட்டல்.

"நான் சொல்லல? எல்லாம் இவ கைராசி!" என்று பேராசிரியர் சிரித்தார். "மத்தவங்க உக்காந்தா அது வாயே தொறக்காது சார். பட்டம் வாங்கினாலும் இவளை அனுப்பறதா இல்ல. இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே வெச்சுக்கப் போறேன்."

திரையை விலக்கி எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். சொன்னால், சற்றுமுன் வேண்டுமென்றே குனிந்ததையும் சேர்த்துத்தான் சொல்லியாக வேண்டும்.

"இன்னொரு தடவை காட்டைப் போடும்மா," என்றார் அவர்.