பசித்த தொட்டி

ஊரடங்கில் ஆம்பூரின் தோல் பதனிடும் ஷாப்புகள் மூடிக் கிடந்த கோடையில், கழிவுநீர்த் தொட்டியிலிருந்த பாக்டீரியாக்கள் பசி தாங்காமல் வாசனையைத் தின்னக் கற்றுக்கொண்டன.

அதை முதலில் அறிந்தவள் சுத்திகரிப்பு நிலையத்தில் லேப் வேலை பார்த்த முனவ்வர் பேகம். தோல் கழுவிய நீர் வருவது நின்றதும் அவை கோடி கோடியாகச் செத்தன. மிஞ்சியவை, நல்ல தீனிக் காலத்தில் வராத அளவுக்குத் தங்களைத் தப்பும் தவறுமாகப் படியெடுத்தன. பெரும்பாலான பிழைகள் கொன்றன; ஏதோ ஒரு பிழை பிழைத்துக்கொண்டது. முதலில் ஊரின் தோல் நாற்றம் போனது, ஜனங்கள் சந்தோஷப்பட்டார்கள். பிறகு பிரியாணிக்குத் தம் உடைத்தால் வெறும் ஆவி வந்தது. மல்லிகை காகிதம் போலானது. கொரோனாதான் என்று எல்லோரும் டெஸ்டுக்கு ஓடினார்கள். ஆனால் பக்கத்து மாதனூரைத் தாண்டியதும் மூக்கு ஒழுங்காக வேலை செய்தது. முனவ்வர் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் கொட்டியிருக்கலாம். பட்டினி கிடப்பதைக் கொல்ல மனம் வரவில்லை.

இறந்துபோன கணவர் நிசார் அஹமதின் சட்டையை மதியத் தொழுகைக்குப் பின் முகத்தில் வைத்துக்கொள்வது அவள் வழக்கம். ஒருநாள் அது வெறும் துணியாக இருந்தது. அப்போதே பம்பு ஆபரேட்டர் செங்கல்வராயனை ப்ளீச்சிங் பவுடர் மூட்டையைத் தூக்கச் சொல்லித் தொட்டிக்கு நடந்தாள்.

"கொட்டிடலாமா மேடம்?"

அவள் குனிந்தாள். நுரையிலிருந்து நிசார் வந்தார்: அத்தர், வேர்வை, சட்டைப் பையில் மறந்த ஏலக்காய்.

"வேணாம்ணே. எங்க வீட்டுக்காரரு உள்ள இருக்காரு."

செங்கல்வராயனும் குனிந்தார். காய்ச்சலில் போன அவருடைய கைக்குழந்தைக்குத் தலைக்குக் குளிப்பாட்டிக் காட்டிய சாம்பிராணி மணத்தது. மூட்டையை இறக்கிவைத்து, அதன்மேலேயே உட்கார்ந்து அழுதார்.

ஷாப்புகள் திறந்தன. பாக்டீரியாக்கள் பழைய தீனிக்குத் திரும்பினாலும் கற்றதை மறக்கவில்லை. ஊரில் எதற்கும் மணமில்லை; வேண்டியவர்கள் தொட்டிக்கு வந்து செத்தவர்களை முகர்ந்துவிட்டுப் போகிறார்கள். ஷாப்புகளுக்கு லீவு விட்டால் முனவ்வர் கஞ்சி காய்ச்சி ஊற்றுவாள். போன பக்ரீத்துக்கு விருந்தாளிகள் வந்ததில் கஞ்சி ஊற்றத் தாமதமாகிவிட்டது. அன்று சாயங்காலம் தெருவில் போனவர்களின் நிழல்கள் ஓரங்களில் அரிபட்டிருந்தன.

செங்கல்வராயன் தன் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இன்னிலேர்ந்து கஞ்சி ஜாஸ்தியாவே காய்ச்சுங்க மேடம்" என்றார்.

முனவ்வர் இன்னொரு படி அரிசி களைந்தாள்.