மைனஸ் இரண்டு வீட்டுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை

1

இது நான் யோசித்த கதை இல்லை. சந்தை வாசலில் பேருந்துக்கு நிற்கும்போது எதிர்வீட்டுக் காலோ சொன்னது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துச் சொன்னவள், சரியாக முடிவு வருகிற இடத்தில் பேருந்தைப் பார்த்துவிட்டு கிழங்குக் கூடையோடு ஓடினாள்.

"அடியே, மீதியைச் சொல்லிட்டுப் போ!"

"உனக்குத்தான் கதை கட்டத் தெரியுமே, நீயே கட்டிக்கோ!" என்றாள் ஜன்னல் வழியாக.

கட்டுகிறேன். வேறு என்ன செய்ய?

2

முதல் தொடக்கம்: நுகுவாலோஃபா துறைமுகத்தின் மேல் சூரியன் மெல்ல—

வேண்டாம். சூரியனுக்கும் இந்தக் கணக்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது: அல்ஜீப்ரா என்பது மனித வாழ்வின்—

அய்யோ, சாமி. இதைப் படித்தால் நானே எழுந்து போய்விடுவேன்.

மூன்றாவது, இதுவே இருக்கட்டும்: தனியேலா தன் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

(இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வருகிற எதையும் இதற்குள் போட்டுப் பார்த்துத்தான் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.)

3

தனியேலா வவாவு தீவுக்குப் போய்வரும் கப்பலில் கயிறு கட்டுகிறவன். காலோவின் கணவன். மேல்தளத்தில் நின்று கப்பலை நடத்துகிற படிப்பில் சேர ஆசை. அதற்குக் கல்லூரி அல்ஜீப்ரா தேற வேண்டும். அவனுடைய அக்கா லோசலினேவுக்கு நர்ஸ் படிப்பு. அவளுக்கும் அதே அல்ஜீப்ரா, அதே மாலை வகுப்பு. அவள் முன்வரிசை, அவன் சுவரோரம்.

எங்கள் டோங்காத் தீவுகளில் அக்கா என்றால் தம்பிக்கு ஒரு படி மேல். வளர்ந்த தம்பி அக்கா இருக்கிற அறையில் காலை நீட்டிக்கொண்டு அரட்டை அடிக்க மாட்டான். இப்போது பல வீடுகளில் இது தளர்ந்துவிட்டது. இவர்கள் வீட்டில் இம்மியும் தளரவில்லை. ஆகையால் அக்கா தாழ்வாரத்தில், தம்பி உள்ளே, நடுவில் தூது போக காலோ. இந்த வருஷம் முழுக்க அக்காதான் இப்படியே அவனுக்குப் பாடம் சொல்லிக் கரையேற்றினாள்.*

திங்கள் காலை இருவரும் பயிற்சித் தாளைக் கொடுத்தாக வேண்டும். ஒரே ஒரு கணக்கு பாக்கி. இருவரின் மதிப்பெண்ணும் விளிம்பில் நிற்கிறது. அந்தக் கணக்கு தப்பினால் அவனுக்குப் பழையபடி கயிறு, அவளுக்கு நர்ஸ் படிப்பு கை நழுவிப் போகும்.

கப்பல் வந்து சேர்ந்ததோ சனிக்கிழமை இருட்டியபின். விடிந்தால் ஞாயிறு. ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் யாரும் ஒரு துரும்பையும் நகர்த்த மாட்டார்கள்.

\* "உன் புருஷனுக்குப் பாடம் சொல்றதும் பன்றிக்குப் பாட்டு கத்துத் தர்றதும் ஒண்ணுதான்" என்று அக்கா சொன்னாளாம். காலோ இதை மட்டும் உள்ளே கொண்டுபோகவில்லை.

4

கோயில் முடிந்து, மண் அடுப்பில் வெந்ததையெல்லாம் தின்று முடித்த மதியம்.

"ஞாயித்துக்கிழமை கணக்குப் போட்டா பாவம் காலோ," என்றான் தனியேலா.

"பென்சிலத் தொட்டாத்தான் வேலை. வாயால போட்டா அது பேச்சு."

"இத கர்த்தர்கிட்ட நீ போய்ச் சொல்லு."

"சொல்றேன். உலகத்தப் படைக்கிறப்ப நாள எண்ணுனவருதானே, அவருக்குப் புரியும்."

ஆக, பென்சில் இல்லாமல் தொடங்கியது.

கணக்கு இதுதான்: ஓர் எண், பெயர் எக்ஸ். அதோடு ஆறைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் திரும்ப எக்ஸே வர வேண்டும். எக்ஸ் எவ்வளவு?

அக்கா இரு பக்கத்தையும் வர்க்கப்படுத்தினாள், காரணி பிரித்தாள், விடையை அனுப்பினாள். காலோ உள்ளே வந்து ஒப்பித்தாள்: "மூணு. இன்னொண்ணு மைனஸ் ரெண்டு. ரெண்டையும் எழுதச் சொன்னாங்க."

தனியேலா பாயில் விரலால் கோடு போட்டான். மூன்றும் ஆறும் ஒன்பது, மூலம் மூன்று. சரி. மைனஸ் இரண்டும் ஆறும் நாலு, மூலம் இரண்டு. ஆனால் வர வேண்டியது மைனஸ் இரண்டு. சேரவில்லை. வர்க்கப்படுத்தும்போது கதவு அகலமாகத் திறந்துவிடுகிறது. அழையாத ஆள் ஒருவன் புகுந்து பந்தியில் உட்கார்ந்துவிடுகிறான்.

(இவன் இவ்வளவு கெட்டிக்காரனா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பேனாவை வைத்துவிட்டேன். பிறகு தோன்றியது: முடிச்சுப் போடுகிறவன் ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் விடமாட்டான். வேகமாகப் போடுகிறவள் அக்கா, இழுத்துப் பார்க்கிறவன் இவன். சரி, நம்புகிறேன்.)

"என்ன, மூஞ்சி இப்படிப் போகுது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாமலா வேர்க்குது? கிழங்கு ஜாஸ்தியாயிடுச்சா?"

"மைனஸ் ரெண்டு சேராது காலோ."

"அவ்வளவுதானே, அக்கா தப்புன்னு சொல்லிட்டு வர்றேன்."

"அடிப்பாவி! உக்காருடி!"

அவனுக்கு உண்மையிலேயே பயம். தப்பு என்கிற சொல்லையும் அக்கா என்கிற சொல்லையும் பக்கத்தில் வைக்கவே நாக்கு எழவில்லை.

5

இனி முடிவுகள்.

ஒன்று: பேசாமல் அக்கா சொன்ன இரண்டையும் எழுதுகிறான். இருவரும் தோற்கிறார்கள். ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அந்த முதல் வரியில் போட்டுப் பார்த்தேன், பொருந்துகிறது. மரியாதை பிழைத்தது, மற்றதெல்லாம் போச்சு.

இரண்டு: தன் தாளில் மட்டும் மூன்று என்று எழுதுகிறான். அவன் மேல்தளம் ஏறுகிறான், அக்கா—

இதுவும் முதல் வரிக்குப் பொருந்தித் தொலைக்கிறது! எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமலே அக்காவைக் கவிழ்த்துவிடலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. எழுதின தாளைக் கிழித்துப் போட்டேன்.

மூன்று: தாழ்வாரத்துக்குப் போய் முகத்துக்கு நேரே "தப்பு" என்கிறான். பொருந்தவில்லை. அப்படிச் செய்கிறவன் தனியேலா இல்லை, வேறு எவனோ.

6

நடந்ததில் காலோ சொன்னவரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

"மைனஸ் ரெண்டப் போட்டா என்ன வருதுன்னு அக்காகிட்ட கேளு. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லாத," என்றான்.

காலோ போனாள். "அக்கா, மைனஸ் ரெண்டப் போட்டா என்ன வருதுன்னு கேக்கச் சொன்னான். அவன் கேட்டான்னு சொல்ல வேணாம்னும் சொன்னான்."

லோசலினேவின் கையில் இருந்த விசிறி நின்றது. உதடு மட்டும் கணக்குப் போட்டது. போட்டு முடித்தபின் அவள் காலோவைத் தூது அனுப்பவில்லை. எழுந்து வந்து, நிலைப்படியைத் தாண்டாமல், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"தனியேலா."

அவன் துள்ளி எழுந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். காலோ நடுவிலிருந்து நழுவிச் சுவரோரம் ஒதுங்கினாள்.

"நீ போட்டுப் பாத்தியா?"

அந்தக் குரலில் இருந்தது கோபமா, சிரிப்பா? அவனுக்குத் தெரியவில்லை. ஆமாம் என்றால், அக்கா தப்பு என்று அவள் காதுபடச் சொன்னதாகும். இல்லை என்றால், அக்காவிடமே பொய்.

இங்கேதான் பேருந்து வந்தது.

7

"ஆமாம்" என்று எழுதினேன். அடித்தேன். "இல்லை" என்று எழுதினேன். அதையும் அடித்தேன். காலோ வீடு எதிரேதான், போய்க் கேட்கலாம். கேட்கமாட்டேன். கேட்டால் அது அவர்கள் பாடு என்று ஆகிவிடும். இப்போதைக்கு அது நம் பாடு.

கணக்கும் உங்களுக்குத் தெரியும், அந்த வீடும் தெரியும். அவன் இடத்தில் உட்கார்ந்து ஒரு சொல் சொல்லுங்கள். என் முதல் வரி குறுக்கே நின்றால் தாராளமாக அடித்துவிடுங்கள். சீக்கிரம். அக்கா இன்னும் திரைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாள்.