தாளில் இருந்த துளைகள்

அலுமினியத் தாள்கள் வைக்கும் பெட்டியில் ஒன்று மிகுந்திருந்தது. கணக்கு உதைக்கவே, கருவி சோதிப்பவள் உணர்கருவியின் மூடியைக் கழற்றி, உள்ளிருந்த அலுமினியத் தாளை இடுக்கியால் எடுத்து விளக்குக்கு எதிரே பிடித்தாள். தாளெங்கும் ஊசிமுனை ஊசிமுனையாக ஒளி.

எக்ஸ் கதிர் மட்டுமே புகவேண்டிய கருவி அது. வேறு ஒளி துளியும் நுழையாமல் தடுப்பது அத்தாளின் வேலை. அதைச் சோதித்து ஒப்பமிடுவது இவள் வேலை. இதைப் பொருத்திய அன்று, ஒட்டிக்கிடந்த இரு தாள்களை ஒன்றென்றே எண்ணி விளக்குமுன் பிடித்திருந்தாள். ஒன்றன் துளையை மற்றது மறைத்துவிட்டது. பொருத்துகையில் அவை பிரிந்து, ஒன்று மட்டும் கருவிக்குள் போயிற்று.

சென்ற வாரம் லேசர் ஆறுமுறை பாய்ந்தது. ஒவ்வொருமுறையும் மணலினும் சிறிய இலக்கு ஒன்று, மாளும் விண்மீன்போல் வெடித்துச் சிதறியது. இக்கருவி எடுத்த ஆறு படத்திலும் வெடிப்பலைக்கு முன்னே ஒரு வெண்கீற்று. எவரும் காணாத புதுமை. ஆய்வுக்குழுவின் தலைவன் இவளுடன் பிறந்த அண்ணன். இம்மாதத்தோடு முடியும் அவன் பதவிக்கு நீட்டிப்பு, அக்கீற்றை நம்பியே வரவிருந்தது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றபடி அவனே உள்ளே வந்தான்.

"அண்ணா, அந்தக் கீத்து நட்சத்திரமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. லேசர் வெளிச்சம். தாள்ல ஓட்டை."

"விளையாடாத."

"நீயே பாரு."

பார்த்தான். முகம் வெளிறிற்று. "நீதானே சோதிச்சு கையெழுத்துப் போட்ட?"

"நான்தான். ரெண்டு தாள் ஒட்டியிருந்தத கவனிக்கல."

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

அவன் குரல் தாழ்ந்தது. "சின்ன வயசுல நீ உடைச்சதுக்கெல்லாம் நான் அடி வாங்கியிருக்கேன். இந்த ஒரு தடவை வாயை மூடிட்டு இரேன்."

"அடுத்த மாசம் வேற குழு இதையே செஞ்சு பாக்கும். கீத்து வராது. அப்ப உன்னைப் பொய்யன்னுவாங்க. இப்ப சொன்னா என்னை முட்டாள்னுவாங்க, அவ்வளவுதான்."

"முட்டாளுக்கு வேலை இருக்கும். எனக்கு?"

அவள் பதிவேட்டை விரித்து, ஆறு சோதனைக்கும் நேரே 'ஏற்கத்தக்கதன்று' என்று எழுதினாள். பிழை செய்தவர் யார் என்னுமிடத்தில் தன் பெயரை இட்டாள். ஒவ்வோர் எழுத்தும் விழுவதை அவன் நின்று பார்த்தான்.

"உங்க அண்ணிகிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது" என்று சொல்லி வெளியேறினான்.

அவள் அழைத்த முதல் மணியிலேயே அண்ணி தொலைபேசியை எடுத்தாள்.

"சொல்லுடி, உங்க அண்ணனுக்கு நீட்டிப்புக் கடிதம் வந்துடுச்சா?"