வெளிப்பக்கத்துக் கரி

“உன் கம்பெனி பிளாஸ்டிக்தான்டி, நீ பாஸ் போட்டு அனுப்பினதுதான்...” “முழுசா கேளுங்க, இன்னிக்கு லேப்ல நான்...” “என்னத்தக் கேக்கறது, சோதிக்கிறேன் சோதிக்கிறேன்னு பெருமை பேசினியே, அந்த பிளக் பெட்டியில பத்தின தீயிலதானே என் புள்ள...”

நம்ம புள்ள என்று திருத்த வாயெடுத்தாள், விழுங்கிக்கொண்டாள், கணவரின் குரல் அங்கேயே உடைந்துபோயிருந்தது. கைப்பைக்குள் விட்ட கை அப்படியே நின்றது, எரிந்த அறையின் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்த பாதிப் பெட்டி விரலில் சொரசொரத்தது. இத்தனை நாளாகத் தொடவே பயந்தவள், இன்று எல்லாரும் சாப்பிடப் போனதும் அதிலிருந்து ஒரு சீவலை அறுத்து, கிடுக்கியில் செங்குத்தாக மாட்டி, எரிந்து சொட்டினால் தெரிய அடியில் பஞ்சு வைத்து, பர்னரைக் காட்டினாள்... “அம்மா மட்டும் தினம் நெருப்பு வெச்சா சம்பளம், நான் தீப்பெட்டியத் தொட்டா அடியா?” என்பாள் வாலு, மகளுக்குக் கடைசிவரை அந்தப் பெயர்தான் நிலைத்தது... பர்னரை எடுத்ததும் தீ தானாக அணைந்தது, பஞ்சு வெள்ளையாகவே கிடந்தது, மேலே மட்டும் கறுப்பாகப் பொருக்கு. நைலானில் கலந்த சிவப்பு பாஸ்பரஸின் வேலையே அதுதான், சூடு பட்டதும் மேல்தோலைக் கரியாக்கி மூடிக்கொள்ளும், உள்ளே தீயை விடாது. பஸ்ஸில் பெட்டியைத் திருப்பிப் பார்த்தாள், வயர் நுழையும் உட்பக்கம் பழைய செம்பழுப்பு நிறம் மாறாமல் இருந்தது, கரியெல்லாம் வெளிப்பக்கம்தான். என் மேல தப்பில்ல, என் மேல தப்பில்ல என்று படியேறும்போதுகூட முணுமுணுத்தாளே, எவ்வளவு சந்தோஷம், சீ, சந்தோஷமா அது...

“ஹீட்டர் மேல போட்ட யூனிஃபார்ம நான்தான் எடுத்துட்டேனே, வேற என்ன பத்தும் அங்க?” என்றார் அவர்.

அவள் நைட் ஷிப்டில் இருந்தாள் அன்று, அவர்தான் துவைத்தார், காலையில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு போனால் குழந்தைக்குச் சளி பிடிக்குமே என்று ஹீட்டர் மேல் விரித்தார், வேறு எதற்காக... ஆஸ்பத்திரி வராந்தாவில் முதலில் என்ன சொன்னார்? எடுத்தேன்னு நினைக்கிறேன். மறுநாள், எடுத்திருப்பேன். எப்போது அது எடுத்துட்டேனே ஆனது, அவள்கூடக் கவனிக்கவில்லையே... பெட்டிக்குள்ளிருந்து வராத தீ அறையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும், இதைப் போய் வாய்விட்டுச் சொல்வதா? அவளைத் திட்டித்தானே இந்த மனுஷன் காலையில் எழுந்து பல் தேய்க்கிறார், ரெண்டு வாய் சோறு இறங்குகிறது. அந்தப் பிடியையும் பிடுங்கிவிட்டால்... பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினாள், அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“லேப்ல என்னமோ பண்ணேன்னு சொல்ல வந்தியே... எரிச்சுப் பாத்தியா? அணைஞ்சுதா அது?”